ஏரிக்கரை, கோயில் காடு, ஒரு நாள் நடை: வாசகர் கேள்வி – பதில்

இயற்கைக் காப்பிடங்களில் நடப்பது குறித்துப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கவிருக்கும் இந்த நாட்களே அதற்கு ஏற்ற பருவம் என்பதால் மற்றப் பொருள்களில் வந்த கடிதங்கள் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளன.

நாங்கள் அலுவலக நண்பர்கள் ஐந்து பேர். ஒரு நாள் முழுவதும் அமைதியான காட்டில் நடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஏற்காடு, ஜவ்வாது மலை என்று கிளம்பினால் போகவும் வரவுமே நாள் சரியாகிவிடுகிறது. புதுச்சேரியில் மலையும் இல்லை, காடும் இல்லை. நாங்கள் எங்கே நடப்பது? எத்தனை கிலோமீட்டர் நடந்தால் அதை ஒரு நாள் நடை என்று சொல்லிக்கொள்ளலாம்?
*– வாசகர், ரெட்டியார்பாளையம்*

மலை இல்லை என்பது சரி. காடு இல்லை என்பதை ஏற்பதற்கில்லை. அதற்கு முன் கிலோமீட்டர் கணக்கை முடித்துவிடுவோம். மலையில் உச்சி என்று ஒன்று இருக்கிறது. அதை எட்டித் திரும்புவதற்கான தூரத்தை வைத்து நாளைத் திட்டமிடுகிறோம். நம்முடைய சமதரையில் எட்ட வேண்டிய உச்சி எதுவும் இல்லாததால் நாளை வகுப்பது வெயில்தான். தை மாதத்தில் ஏறக்குறைய காலை 6.30 மணிக்குச் சூரியன் எழுந்து மாலை 6 மணியளவில் மறைகிறது. விடியலிலிருந்து 10 மணி வரை ஒரு நடை, 3.30 மணியிலிருந்து பொழுது சாயும் வரை இன்னொரு நடை, நடுப்பகலில் மர நிழல் என்று பிரித்துக்கொண்டால் காலில் நிற்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம் வரும். நின்று பார்த்து நடப்பவருக்கு அந்த நேரத்தில் ஏழெட்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது, போகவும் வேண்டாம். கைக்கடிகாரத்தில் அடி எண்ணிக்கொண்டு இருபது கிலோமீட்டர் போய் வந்தோம் என்பவர்களிடம் எந்தப் பறவையைப் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

விடியலுக்கு ஊசுட்டேரியைச் சொல்வேன். நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தொலைவில், வில்லியனூருக்கு வடக்கே கிடக்கும் இந்த ஏரியின் பரப்பு எண்ணூறு ஹெக்டேர் அளவுக்கு விரிந்தது. ஏறத்தாழப் பாதி புதுச்சேரியிலும் மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கிறது. புதுச்சேரி தன் பகுதியை 2008-ல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதியை 2015-ல் அறிவித்தது. தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது, வாத்துகளும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீங்கள் பொருட்படுத்த வேண்டும். எந்தக் கரைப்பகுதி எந்த வனத்துறையின் கீழ் வருகிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எதுவரை நடக்க விடுவார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பிடம் என்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட இடம். பொதுப் பூங்காவைப் போல நினைத்த நேரத்தில் நுழைவதற்கு இல்லை.

கரையில் ஏறியதும் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் கரைக்கு மேற்கே தண்ணீர் கிடந்தால் காலை வெளிச்சத்தில் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். கிழக்கே கிடந்தால் எல்லாம் கருநிழலாகவே தெரியும், அந்தக் கரையை மாலைக்கு ஒதுக்கிவிடலாம். மார்கழி, தை மாதங்களில் வடக்கேயிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவற்றோடு நம் ஊர் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, பாம்புத்தாரா, கூழைக்கடா போன்றவற்றையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர் சொல்லி அடையாளம் காண முயலாமல் ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள்.

எதன் முன்னால் என்றால், நத்தைகுத்தி நாரையின் முன்னால் என்பேன். வளர்ந்த பறவையின் மேலலகும் கீழலகும் அடியிலும் நுனியிலும்தான் ஒன்றையொன்று தொடும்; நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை, வளர வளரத்தான் உண்டாகிறது. சேற்றில் அலகை நுழைத்து ஒரு நத்தையைப் பிடித்ததும் அது ஓட்டை நொறுக்குவதில்லை. ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடியின் ஓரமாகக் கீழலகின் கூரிய நுனியைச் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி விழுங்கிவிட்டு ஓட்டைக் கீழே போட்டுவிடும். தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேலை செய்வதால் பெரும்பாலும் தலையின் அசைவைத்தான் பார்க்க முடியும். நாரை அகன்ற பிறகு கரையோரத்தில் தேடினால் உடையாத வெற்று நத்தை ஓடுகள் கிடைக்கும். அவற்றை எடுத்துப் பார்த்தால் நான் சொன்னது விளங்கும். பார்த்ததும் கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

10 மணிக்கு மேல் ஏரிக்கரையில் நிற்பதில் பொருளில்லை. பறவைகள் ஒதுங்கிவிடும், வெயிலும் கண் கூசும். அப்போது வண்டியில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் வரும். அந்தக் கோயிலைச் சூழ்ந்திருப்பதுதான் நீங்கள் இல்லை என்று எழுதிய காடு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் அழைக்கும் இந்த வகைக் காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் பரவியிருந்தது. இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. ஆண்டில் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள மாதங்களில் பெரும்பகுதி வறட்சிதான். அப்படியிருந்தும் இம்மரங்கள் இலையை முழுவதும் உதிர்ப்பதில்லை. சிறிய, தடித்த, மெழுகுப் பளபளப்புள்ள இலைகளால் நீரிழப்பைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. மரங்கள் உயரமானவையும் அல்ல. காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டுக்குருந்து, கருங்காலி என்று நெருங்கி வளர்ந்து கிளைகளைக் கோத்துக்கொண்டு நிற்பதால் உள்ளே நண்பகலிலும் வெளிச்சம் மங்கித் தரையில் திட்டுத் திட்டாகத்தான் விழுகிறது. காயா பூத்திருக்கும் நாளில் போக வாய்த்தால் கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும் அந்த நீல நிறத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இந்தக் காட்டைக் காத்தது ஐயனார் மீதுள்ள பயமும் பக்தியும்தான். சட்டம் பிற்பாடு வந்தது. ஆகவே அங்கே நீங்கள் சுற்றுலா வந்தவர்கள் என்ற நினைப்பு வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டிய எல்லையில் கழற்றுங்கள். குலதெய்வ வழிபாட்டுக்கு வந்து பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் படம் எடுக்காதீர்கள். உள்ளே பாதை எதுவரை போகிறதோ அதுவரை போனால் போதும். விழா நாட்களில் கூட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும் என்பதால் அமைதி தேடுவோர் சாதாரண வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாலையில் அதே சாலையில் இன்னும் வடக்கே சென்றால் மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று பெயர் பெற்ற இது 2021 டிசம்பரில் பறவைகள் காப்பிடமாகவும், 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத பரந்த நீர்வெளி. மழைநீர் ஒருபுறமும் கடலின் உப்புநீர் மறுபுறமும் வந்து சேர்வதால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீரின் சுவையே மாறும். அதற்கேற்பப் பறவைகளும் மாறும். இங்கே அதிகம் நடக்க வேண்டாம், நின்றாலே போதும்.

ஐந்து பேர் என்கிறீர்கள். ஐவரும் சேர்ந்து ஒரே வரிசையில் பேசிக்கொண்டு நடந்தால் நீங்கள் வருவது ஏரியின் மறுகரைக்கும் தெரிந்துவிடும். இருவர் ஒரு பக்கமும் மூவர் இன்னொரு பக்கமும் பிரிந்து போய் 10 மணிக்கு ஓரிடத்தில் சந்தியுங்கள். பேச வேண்டியதையெல்லாம் கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது பேசிக்கொள்ளலாம். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள்.

எனக்கு வயது 62. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. மகனும் மருமகளும் ஏரிக்கரைக்கு நடக்க அழைக்கிறார்கள். "உங்களால் முடியாது" என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
*– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்*

உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்பது முறை. ஆனால் அவரிடம் "நடக்கலாமா" என்று பொதுவாகக் கேட்காமல், "மேடு பள்ளமில்லாத மண் கரையில், நடுநடுவே உட்கார்ந்து, காலையில் இரண்டு மணி நேரம் நடக்கலாமா" என்று கேளுங்கள். முழங்காலைப் பெரிதும் வருத்துவது படி இறக்கமும் மலைச் சரிவின் இறக்கமும்தான். ஏரிக்கரையில் அவை கிடையாது. கரையில் ஏற ஓரிடம், இறங்க ஓரிடம், அவ்வளவே. அந்த இரண்டு இடத்திலும் மகன் கை கொடுக்கட்டும்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது பாதத்தையும் வயிற்றையும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, "போய் வந்து சாப்பிடலாம்" என்று வெறும் வயிற்றில் கிளம்பவே கூடாது. இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும். கைப்பையில் சர்க்கரை மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் தெரிந்தால் உடனே உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள், அது எங்கே இருக்கிறது என்பது உடன் வருபவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். செருப்பு வேண்டாம், விரல் மூடிய காலணியும் பருத்திக் காலுறையும் போடுங்கள். புதிய காலணியை அன்றுதான் முதன்முதலாகப் போடக் கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தை விரல் இடுக்கு வரை பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் நெருஞ்சி முள் தைத்திருந்தாலும் கொப்புளம் வந்திருந்தாலும் வலிக்காது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவரானால் அன்று எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வேகத்தில்தான் எல்லாரும் நடக்க வேண்டும். பறவை பார்ப்பதற்கு உண்மையில் அதுவே சரியான வேகம். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

என் பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பதினொரு வயதும். கைப்பேசியை விட்டுப் பிரிக்கவே முடியவில்லை. காட்டுக்கு அழைத்துப் போனால் "போரடிக்குது" என்கிறார்கள். பறவைகளின் குரலை ஒலிக்கவிட்டால் அவை அருகில் வரும் என்று ஒரு செயலி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதையாவது பயன்படுத்தலாமா?
*– வாசகி, லாசுப்பேட்டை*

வேண்டாம் அம்மா. கூடு கட்டும் காலத்தில் ஓர் ஆண் பறவை தன் இனத்தின் குரலைக் கேட்டு ஓடி வருவது நட்பு பாராட்டி அல்ல. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று எண்ணிச் சண்டைக்கு வருகிறது. இல்லாத எதிரியைத் தேடி அலையும் நேரத்தில் அது இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிடும். குரலைக் கேட்டு இது இன்ன பறவை என்று அடையாளம் சொல்லும் செயலிகளைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. காதால் கேட்க உதவும் கருவி வேறு, ஏமாற்றும் கருவி வேறு.

எட்டு வயதுப் பிள்ளைக்கு நூறடி தள்ளி நிற்கும் பறவை போரடிக்கத்தான் செய்யும். பெரியவர்களே பைனாகுலர் இல்லாமல் சலித்துவிடுகிறோம். சிறுவர்களுக்கு முழங்கால் உயரத்தில் நடப்பதைக் காட்டுங்கள். முந்திரித் தோப்போ மாந்தோப்போ இல்லாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது. அங்கே பச்சை இலைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் பந்தாகச் செய்த முசுறு எறும்புக் கூடுகள் இருக்கும். கையெட்டும் உயரத்தில் புதிதாகக் கட்டப்படும் கூடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைய நாள் கழிந்தது. வரிசையாக நிற்கும் எறும்புகள் ஓர் இலையின் விளிம்பைக் காலாலும் இன்னோர் இலையின் விளிம்பை வாயாலும் பற்றி இழுக்கும். இடைவெளி அதிகமாக இருந்தால் ஒன்றன் இடுப்பை ஒன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கும். விளிம்புகள் நெருங்கி வந்ததும் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக் கொண்டுவந்து ஒரு விளிம்பில் தொட்டு மறு விளிம்பில் தொட்டு மாற்றி மாற்றி நகர்த்தும். பட்டு நூல் வருவது அந்தப் புழுவிடமிருந்துதான். வளர்ந்த எறும்புக்கு நூல் சுரக்கத் தெரியாது. குழந்தையை வைத்துத்தான் வீட்டைத் தைக்கிறது. இதைப் பார்த்தபின் உங்கள் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

கிளையை மட்டும் அசைக்க விடாதீர்கள். முசுறு கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். எரிச்சல் கொஞ்ச நேரம் நிற்கும். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை இந்த எறும்பு வேட்டையாடுகிறது என்பதையும் சொல்லிவைத்தால், கடித்த கோபத்தில் கூட்டைக் கலைக்க மாட்டார்கள்.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. அதைப் படம் எடுக்கும் கருவியாக மட்டும் அன்று ஒரு நாள் அனுமதியுங்கள். பறவைக் கூட்டையும் முட்டையையும் நெருங்கிப் படம் எடுப்பதும், எடுத்த படத்தை இடத்தின் பெயரோடு நாலு பேருக்கு அனுப்புவதும் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் அந்தக் கூட்டருகே நிற்கும் வரை தாய் திரும்பாது, காகம் மேலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கும்.

ஏரிக்கரை, புதர்க்காடு என்றால் பாம்பு இருக்குமே? கடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? கயிறு கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா?
*– வாசகர், பண்ருட்டி*

பாம்பு நிச்சயம் இருக்கும். அதிலும் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் நஞ்சில்லாத சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான். நம் பகுதியில் உயிருக்கு ஆபத்தானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். காலடி அதிர்வை உணர்ந்தால் பாம்பு பெரும்பாலும் தானே விலகிவிடும். கண்ணாடி விரியன் மட்டும் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். ஆகவே பார்க்காத இடத்தில் காலையோ கையையோ வைக்காமல், உயர்ந்த புல்லுக்குள் இறங்காமல், கணுக்கால் மறையும் காலணியோடு பாதை நடுவில் நடந்தாலே ஆபத்தில் பெரும்பகுதி தீர்ந்தது. இருட்டுவதற்குள் கரையை விட்டு இறங்கிவிடுங்கள்.

கயிறு வேண்டாம். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் கெடும். அவிழ்க்கும் நேரத்தில் வேறு சிக்கலும் வரும். கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது, பனிக்கட்டி வைப்பது எதுவும் கூடாது. கடிபட்டவரை உட்கார வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசு போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட காலை மரக்கிளை ஒன்றோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். அவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு, புதுச்சேரி அருகே என்றால் ஜிப்மருக்கு, நேராகப் போவதுதான் வைத்தியம். பாம்பை அடித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. இங்கே தரப்படும் மருந்து மேலே சொன்ன நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் இல்லாமலே கூட இருக்கலாம் என்பதால் "ஒன்றும் தெரியவில்லையே" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

பிச்சாவரத்தில் படகுச் சவாரிக்குப் பதிலாகக் காட்டுக்குள் இறங்கி நடக்க முடியுமா?
*– வாசகர், நெல்லிக்குப்பம்*

முடியாது, முயலவும் வேண்டாம். அங்கே தரை என்று நமக்குத் தெரிவது ஓதநீர் ஏறி இறங்கும் சேறு. சுரபுன்னை தன் தாங்குவேர்களை வளைத்து ஊன்றி நிற்கிறது. கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்தில் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. நாம் இறங்கினால் மிதிபடுவது அந்த வேர்களும், தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டுக் கீழே விழுந்து ஊன்றிய கன்றுகளும்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் அங்கே உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடித்து வழி உண்டாக்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்தை அந்த மரமே தடுத்துவிடும்.

2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. காலையில் முதல் ஆளாகப் போய், இயந்திரப் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகை எடுங்கள். குறுகிய கால்வாய்களுக்குள் நுழைவதும் அதுதான், மீன்கொத்தி பறக்காமல் உட்கார்ந்திருப்பதும் அதற்குத்தான்.

திருவக்கரை கல்மரப் பூங்காவில் ஒரு நாள் முழுதும் நடக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். அவ்வளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?
*– வாசகர், வில்லியனூர்*

ஒரு நாள் வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் விடியலை ஒட்டியே இருக்க வேண்டும். நிழல் குறைவு, கல் சூடேறிவிட்டால் நிற்க முடியாது.

ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள், அவற்றின் திசுக்களில் மணற்சத்து மிக்க நீர் மெல்ல மெல்ல ஊறிப் படிந்து, கல்லாகவே மாறி அங்கே கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாகப் பாதுகாக்கும் இடம் இது. அடிமரங்களை உற்றுப் பாருங்கள்: நாரும் கணுவும் அப்படியே தெரியும், ஆனால் கிளையோ வேரோ பட்டையோ இருக்காது. நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல அவை. வெள்ளம் புரட்டி அடித்துக்கொண்டு வந்ததில் கிளையும் வேரும் ஒடிந்துபோய், மணலில் சேர்ந்து புதைந்தவை என்பதற்கு அதைத்தான் ஆய்வாளர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த மணல் இறுகியதே கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயரிட்ட பாறை. கடலூர் கேப்பர் மலையிலும் ஆரோவில் மேட்டிலும் காலில் ஒட்டும் செம்மண்ணுக்கும் அதுவே மூலம். ஒரு சில்லைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது குற்றம். அருகிலேயே வக்கிரகாளியம்மன் கோயில் இருப்பதால் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சாலையில் நெரிசல் அதிகம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆரோவில் காடு மனிதர் நட்ட செயற்கைக் காடு. அங்கே நடப்பதை இயற்கை நடை என்று சொல்லக் கூடாது என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். உங்கள் கருத்து?
*– வாசகர், காலாப்பட்டு*

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பகுதி மரமற்ற செம்மண்ணாக, மழைநீர் அரித்த ஓடைகளாக இருந்தது. அங்கே வந்தவர்கள் முதலில் செய்தது மரம் நட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். மரத்துக்கு முன்னால், பெய்யும் மழை செம்மண்ணோடு கடலுக்கு ஓடிவிடாமல் தடுக்க வரப்புகளும் சிறு அணைகளும் போட வேண்டியிருந்தது. பிறகு வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேலமர இனங்கள் வெயிலைத் தடுத்து நிழல் தந்தன, சருகு விழுந்து மண் தேறியது. அந்த நிழலில்தான் உள்நாட்டு மரங்களின் கன்றுகள் நடப்பட்டன. பழம் தின்ற பறவைகளும் தம் பங்குக்கு விதைத்தன. கோயில் காடுகளிலிருந்து சேகரித்த விதைகள் இதற்குப் பெரிதும் உதவின என்பதையும் சொல்ல வேண்டும். புத்துப்பட்டு போன்ற காடு ஒன்றை ஐயனார் காத்து வைத்திராவிட்டால் எந்த மரத்தை நடுவது என்ற கேள்விக்கே விடை இருந்திருக்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆரோவில்லிலும் அந்த வெளிநாட்டு வேலமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. திறந்த இடைவெளிகளில் அடியில் காத்திருந்த உள்நாட்டு மரங்கள் மேலெழுந்தன. நட்டது மனிதர், கலைத்தது புயல், இப்போது வளர்வது தானாக. இதில் எந்த இடத்தில் கோடு கிழித்துச் செயற்கை என்று சொல்வது என்பதை உங்கள் நண்பரே சொல்லட்டும். என்னைக் கேட்டால், நடக்கப் போவதற்கு முன் அனுமதி கேட்டீர்களா என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி. அங்குள்ள காட்டுப் பகுதிகள் பலவற்றை அவற்றைப் பராமரிப்பவர்களே உள்ளே குடியிருந்து பார்த்துக்கொள்கிறார்கள்; அழைப்பில்லாமல் பாதையில் நுழைவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் நுழைவதற்கு ஒப்பாகும்.

கட்டுச்சோறு என்ன கொண்டுபோகலாம்? எவ்வளவு தண்ணீர்?
*– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

மாலை வரை கெடாதது புளிச்சோறு. நடுப்பகலுக்குள் தீர்த்துவிடுவதானால் தயிர்ச்சோறும் ஊறுகாயும். வாழையிலையில் கட்டி மேலே தாளைச் சுற்றுங்கள், நெகிழிப் பை வேண்டாம். இலையையும் காட்டில் போடாமல் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சோறு ஒட்டிய இலை தெருநாய்களை ஏரிக்கரைக்குப் பழக்கும், நாய் பழகிய கரையில் தரையில் கூடு கட்டும் ஆள்காட்டிக் குருவிக்கு முட்டை மிஞ்சாது. தண்ணீர் ஒருவருக்கு மூன்று லிட்டர். அதில் ஒரு லிட்டருக்குப் பதிலாக உப்புப் போட்ட நீர்மோர் இருந்தால் நல்லது, வியர்வையில் போகும் உப்பையும் சேர்த்தே ஈடுகட்ட வேண்டும்.

குடை கொண்டுபோகலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
*– வாசகர், கடலூர் முதுநகர்*

தாராளமாகக் கொண்டுபோங்கள். தொப்பி தலைக்கு மட்டும்தான் நிழல் தரும். விரிப்பதானால் வண்டியை விட்டு இறங்கும் இடத்திலேயே விரித்துக்கொண்டு நடங்கள். கரையில் பறவைகளுக்கு எதிரே திடீரென்று விரித்தால் முழுக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும். வண்ணக் குடை வேண்டாம், பழைய கறுப்புக் குடையே போதும். காட்டுக்குள் மடித்து ஊன்றிக்கொண்டு நடந்தால் வழுக்கும் இடத்தில் கைத்தடியாகவும், பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்செடியை ஒதுக்கவும் உதவும். காற்று பலமாக இருக்கும் நாளில் கழுவெளிப் பக்கம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.